அடையாற்றின் முகத்துவாரம் ஏன் அடிக்கடி மணலால் மூடிக்கொள்கிறது?

ஆண்டு முழுவதும் தண்ணீர் தெரியும் ஆற்றின் வாயை மணல் எப்படி அடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சிற்றாறு. மலையில் பிறக்காமல், தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீரால் உருவாகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் திருநீர்மலை அருகே இதில்தான் சேர்கிறது. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமே இதற்கு உண்மையான வேகம் உண்டு. மற்ற மாதங்களில் நகருக்குள் ஓடுவதில் பெரும்பகுதி கழிவுநீர்.

கடலோ ஓய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கரையைச் சாய்வாகத் தாக்கும் அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே அதிகம். (துறைமுகம் கட்டிய பின் மெரினா அகன்றதற்கும் இந்த மணலோட்டமே காரணம்.) அந்த மணலைத் தள்ளிவிடும் விசை கோடைக்கால ஆற்றுக்கு இல்லை, சென்னையில் ஓதத்தின் (கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதன்) ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், அதுவும் வாயைத் திறந்து வைக்கப் போதாது. பெசன்ட் நகருக்கு வடக்கே, உடைந்த பாலத்தருகே நின்று பார்த்தால், கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே மணல்திட்டு நாக்குப்போல நீண்டிருப்பது தெரியும்.

வாய் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, கழிமுகம் தேங்கி நாறும், மீன்குஞ்சுகளுக்கு வழி அடைபடும். மழைக்கு முன் இயந்திரங்களால் திட்டை வெட்டிவிடுவது அவசியமே. ஆனால் அலைகள் அதை மீண்டும் நிரப்பிவிடும் என்பதால், ஆற்றில் நல்ல நீர் ஓடச் செய்வதே முதன்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து.