கேளுங்கள், சொல்கிறோம்: பிரஸ்ஸில் சீல் மாற்ற ஒரு நாளா?

கேள்வி: பேவர் பிளாக் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ராம் சீல் (மேலும் கீழும் போய் அழுத்தும் தண்டான ராமைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) மாற்றினால் ஒரு நாள் வேலை போகிறது. புது சீலும் சீக்கிரமே ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பேட்டை, திருநெல்வேலி

பதில்: நேரத்தைத் தின்பது சீல் அல்ல, அதைப் பிடித்து வைக்கும் மூடியான கிளாண்ட் இறுகிப்போவதுதான். அடுத்த முறை கழற்றும்போது கிளாண்டின் ஃப்ளாஞ்சில் (அகன்ற விளிம்பில்) எதிரெதிராக இரண்டு எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) மரை வெட்டிவையுங்கள். அந்த மரைகளில் போல்ட் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் கிளாண்ட் கோணாமல் வெளியே வரும், சுத்தியல் வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, பிரஷரை இறக்கி, ராமுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.

உங்களுடையது வி-பேக்கிங் (வி வடிவ வளையங்களை அடுக்கிய சீல்) என்றால், ராமைக் கழற்றாமலே மாற்றலாம். வளையத்தை 45 டிகிரி சாய்வாக வெட்டிப் போடுங்கள். வெட்டுகள் ஒரே நேரில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும். வெட்டாத வளையம் அளவுக்கு உழைக்காதுதான், அவசரத்துக்குத் தாங்கும். யூ-சீலை (யூ வடிவ ஒற்றை வளையத்தை) வெட்டவே கூடாது. அதன் உதடு (யூ-வின் திறந்த பக்கம்) ஆயில் பிரஷர் வரும் பக்கம் பார்க்க வேண்டும்.

புதுசு சீக்கிரம் ஒழுகினால் ராமை நகத்தால் வருடிப் பாருங்கள். கோடு தட்டுப்பட்டால் எந்த சீலும் நிற்காது. ராமை நேராக ஓடவைக்கும் கைடு ரிங் தேய்ந்திருந்தாலும் ராம் ஒருபக்கம் சாய்ந்து உதட்டைத் தின்றுவிடும். சிமெண்ட் தூசி பறக்கும் இடத்தில், ராமில் ஒட்டும் தூசியை வழிக்கும் வளையமான வைப்பரை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு. சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதை விடுங்கள். முனை மழுங்கிய பித்தளைக் கம்பி போதும்.