கொழும்பு ஈரப்பதத்தில் காரின் லெதர் சீட்டுக்குக் கொண்டிஷனர் பூச வேண்டுமா?

லெதர் கொண்டிஷனர் என்பது தோலின் நார்கள் வறண்டு வெடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய்ப் பசையுள்ள கிரீம். சரி, அது உள்ளே போகிறதா என்பதுதான் விஷயம். இன்றைய கார்களில் பெரும்பாலான லெதர் சீட்டுகளின் மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேல் பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலமும் இருக்கின்றன. வார்னிஷ் அடித்த மேசையில் தேங்காய் எண்ணெய் தடவினால் மரத்துக்கா போகும்? மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். சீட்டிலும் அப்படித்தான்.

ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கருத்தால் அது படலமில்லாத தோல், கொண்டிஷனர் உதவும். முத்தாக நின்றால் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. ஏனென்றால் மணல்துகள் படலத்தை அரத்தாள் போலத் தேய்க்கிறது, வியர்வையும் உடல் எண்ணெயும் அதை இளக வைக்கின்றன. சாரதி ஏறி இறங்கும் ஓரம் முதலில் பழுதாவது இதனால்தான்.

வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் மழைக்காலத்தில் இரண்டு வாரம் பூட்டிவைத்த கார் என்றால் பூஞ்சணமும் சேரும். அதற்குத் தீனி அந்த அழுக்குத்தான். முதலில் வேக்கியூம், அப்புறம் லெதர் கிளீனர் தொட்ட மென்மையான பிரஷ், ஈரத்துணி, கடைசியில் காய்ந்த துணி. துளைகள் உள்ள சீட்டில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

பளபளப்பதுதான் சுத்தமான சீட் என்று பலர் நினைக்கிறார்கள். புது லெதர் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும், பழைய சீட்டில் மின்னுவது அநேகமாகப் படிந்த அழுக்கு.