பந்து பறிபோன பிறகு ஐந்து விநாடி

அன்புள்ள அண்ணா,

நான் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். ராத்திரி ஒன்றரை மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தூங்காமலே காலையில் ராணிப்பேட்டைக்கு வேலைக்கு பஸ் ஏறுகிற ஆள். பழைய மேனேஜர் ஃபெர்குசனுக்கே முதல் கோப்பை வரை மூன்றரை வருஷம் பொறுத்தார்கள், யார் மேனேஜராக வந்தாலும் அப்படிப் பொறுக்கணும் என்கிறார்கள் நண்பர்கள். எத்தனை ஆட்டம் பொறுக்கலாம்? ரெஃப்ரிகளும் நமக்கு எதிராகவே விசில் ஊதுகிறார்கள்.

ஆர்., சத்துவாச்சாரி

அன்புள்ள ஆர்.,

ரெஃப்ரி பேச்சை விடு. அதை வைத்து எந்த மேனேஜரையும் எடைபோட முடியாது.

ஃபெர்குசன் கதையை எல்லாரும் பாதிதான் சொல்கிறார்கள். 1986 நவம்பரில் வந்தார், 1990 மே மாதம்தான் முதல் கோப்பை, அந்த சீசன் லீகில் 13ஆவது இடம். எல்லாம் சரி. ஆனால் அந்த வருஷங்களில் கிளப்புக்குள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. 1987இல் பின்னாளில் நட்சத்திரமான ரயன் கிக்ஸை 14 வயதில் சேர்த்தார். 1989இல் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் மெக்ராத்தையும் வைட்சைடையும் விற்றார். அதைக் கண்டு பொறுத்தால் அது பொறுமை. நீங்கள் செய்வது ஸ்கோரைப் பார்த்துத் திட்டுவது, அடுத்த வாரம் ஸ்கோரைப் பார்த்தே கும்பிடுவது. இத்தனை வருஷம் ஆட்டம் பார்த்தும் பந்தை மட்டுமே பார்க்கிறாயே, தம்பி!

உன் அணி பந்தை இழக்கும் கணத்தில் கண்ணைப் பந்திலிருந்து எடு. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணு. இரண்டு சென்டர் பேக்கும் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்கள்) அவர்களுக்கு முன்னால் ஒரு நடுக்கள ஆளும் இருந்தே ஆக வேண்டும். பல அணிகள் ஐந்து பேரை நிறுத்தும். அடுத்து, முன்வரிசைக்கும் கடைசி டிஃபென்டருக்கும் எவ்வளவு தூரம்? 30, 35 மீட்டருக்குள் இருந்தால் அணி சேர்ந்து நிற்கிறது. 50 ஆகிவிட்டால் எதிரணிக்காரன் நடுவில் பந்தை வாங்கி, நிதானமாகத் திரும்பி, ஆள் தேடிக் கொடுப்பான். முதல் ஐந்து விநாடியில் பக்கத்திலிருக்கும் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய வேண்டும். ஒருவன் ஓடி மற்றவன் நின்றால் ஒரே பாஸில் மொத்த பிரஸ்ஸிங்கும், அதாவது பந்தைப் பறிக்கக் கொடுக்கிற அழுத்தமும், செத்தது. இதை ஆட்டக்காரனின் திறமையில் போடாதே. பயிற்சி மைதானத்தில் தினமும் பழக்க வேண்டிய சங்கதி, மேனேஜர் கணக்கில் எழுத வேண்டியது.

உங்கள் மேனேஜராக இருந்த டென் ஹாக்கின் இரண்டாவது சீசனை (2023-24) நினைத்துப் பார். முன்வரிசை அழுத்த மேலே போகும், பின்வரிசை பெனால்டி பாக்ஸை விட்டு ஏறாது, நடுக்கள ஆள் காசெமிரோ தனியாக அல்லாடுவார். ஆகஸ்டில் இருந்த ஓட்டை மே மாதமும் அதே இடத்தில் இருந்தது. லீகில் 8ஆவது இடம். கடைசியில் எஃப்.ஏ. கப் என்ற இங்கிலாந்துக் கோப்பை கிடைத்ததும் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2024 அக்டோபரில் அனுப்பினார்கள். கோப்பை அந்த ஓட்டையை மறைத்தது, அடைக்கவில்லை.

நம்ம சென்னையின் எஃப்.சி.யிலும் பார்த்தோமே. பட்டம் வாங்கித் தந்தவர் என்பதால், 2018-19இல் 18 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்துக் கடைசி இடம் வந்த பிறகும் பயிற்சியாளர் ஜான் கிரெகரி தொடர்ந்தார். அடுத்த சீசன் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. டிசம்பரில் அவருக்குப் பதில் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்டக்காரர்கள் அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, மார்ச்சில் இறுதிப்போட்டி.

எண்ணிக்கைதானே கேட்டாய்? சீசன் நடுவில் வந்தவருக்கு, மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்றால் பயிற்சிக்கு நேரமே கிடையாது. அந்த ஆட்டங்களைக் கணக்கில் எடுக்காதே. முழு ப்ரீ-சீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) ஒன்று முடிந்து பத்து ஆட்டம் பார். ஓட்டை அடைபட்டும் கோல் விழாமல் தோற்றால் பொறு.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்தில் நீங்கள் ஆடும்போதே இதைச் சோதிக்கலாம். அப்புறம், ஒன்றரை மணி ஆட்டத்துக்காக விழித்திருக்காதே, உடம்பு கெட்டுவிடும். தூங்கு. காலையில் ராணிப்பேட்டை பஸ்ஸில் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார். பந்து பறிபோகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி எண்ணுவதற்கு அதுதான் வசதி.