மீன் முட்டையும் அம்மா தரும் மரபணுவும்

கேள்வி: மரபணு எல்லாம் உட்கருவில்தானே இருக்கிறது? மீன் முட்டைக்குள் குஞ்சு உருவாவதில் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவுக்கு என்ன வேலை? எங்கள் புத்தகத்தில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். – விலங்கியல் மாணவி

பதில்: அந்த ஒரு வரி போதவே போதாது. கண்ணாடித் தொட்டிகளில் நீலக் கோடுகளோடு ஓடுமே, அந்த ஜீப்ரா மீனையே எடுத்துக்கொள்வோம். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளில் வாழும் மீன் அது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களுக்குள் வந்துவிட்டது. காரணம் அதன் முட்டை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். கருவுற்ற முதல் சில மணி நேரத்தில் ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒரு தடவை செல்கள் பிரிவதையும், மறுநாள் இதயம் துடிப்பதையும் நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம்.

இந்த மீனின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. 37 மரபணுக்கள், அவற்றில் புரதம் செய்பவை 13 மட்டும். அதில் காக்ஸ்-1 என்பதைப் பாருங்கள். நாம் இழுக்கும் ஆக்சிஜனை, மீன் செவுளில் எடுக்கும் ஆக்சிஜனை, கடைசியில் பயன்படுத்தி ஆற்றல் கிடைக்க உதவுவது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி, அதன் மையப் பகுதியைச் செய்வது இந்த மரபணுதான். அதே நொதியின் மற்ற பல துண்டுகளை உட்கரு மரபணுக்கள் செய்து அனுப்புகின்றன, அதாவது இரண்டு இடத்து மரபணுக்களும் ஒத்துப்போனால்தான் நொதி முழுமையாகும்.

மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் அப்பாவுக்குப் பங்கு இல்லை. மைட்டோகாண்ட்ரியா எல்லாம் அம்மாவின் முட்டையிலிருந்தே வருகிறது, பிரியும் செல்கள் அந்தக் கட்டுச்சோற்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் இந்த நொதியில் குறை இருந்தாலும் கரு உடனே செத்துவிடுவதில்லை, ஆற்றல் நிறையத் தேவைப்படும் உறுப்புகள் உருவாகும்போதுதான் பாதிப்பு வெளியே தெரியும். 2007இல் ஆரிகனிலேயே, இந்த மீனின் கருவில் இந்த நொதியின் உட்கரு மரபணு செய்யும் ஒரு துண்டைக் குறைத்துப் பார்த்தார்கள். நொதி முழுக்க நின்றுபோகவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். அதற்கே இதயமும் குடலும் சரியாக வளரவில்லை, நீந்துவதும் தடுமாறியது. குறைத்தது உட்கரு சார்ந்த துண்டு என்றாலும், காக்ஸ்-1 மையமாக இருக்கும் நொதி குறைந்தால் என்ன ஆகும் என்பதை இது காட்டுகிறது, அதனால் என்னைக் கேட்டால் இந்தப் பரிசோதனைதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமான பதில்.

கேள்வி: அப்படியானால் ஆக்சிஜனே இல்லாவிட்டால் கரு இறந்துவிடுமா?

பதில்: இல்லை, இதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ஒரு நாள் வயதுக் கருவை ஆக்சிஜனே இல்லாத நீரில் 24 மணி நேரம் வைத்தால் செல் பிரிவது நிற்கிறது, இதயத் துடிப்பும் நிற்கிறது. ஆக்சிஜன் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து வளர்ச்சி தொடர்கிறது. 2001இல் வந்த ஆய்வு இது. ஆக, ஆக்சிஜன் ஒரு நாள் இல்லாததைக் கரு தாங்கிக்கொள்கிறது, ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்தும் நொதி குறைவாக இருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் தாக்கும் லீ நோய்க்கும் இதே நொதிக் குறைபாடு ஒரு காரணம், அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்த மீன் கருக்களை இவ்வளவு கவனமாக ஆராய்கிறார்கள்.