வாசகர் கேள்வி: அரபி தெரியாமல் மஸ்கட்டில் இருக்க முடியுமா?

கேள்வி: மஸ்கட்டில் ஒன்பது வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். என் மகன் அடுத்த மாதம் அங்கே வேலைக்குப் போகிறான். அரபி தெரியாமல் சமாளிப்பானா?
- வாசகி ஒருவர்

பதில்: சமாளித்துவிடுவான் அம்மா. மஸ்கட்டில் ரூவி என்கிற பகுதிக் கடைகளில் இந்தி, மலையாளம், தமிழ் எல்லாமே ஓடும், அதனாலேயே பலர் அரபியில் நாலு வார்த்தை தெரியாமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

முதன்முதலாக ஒரு ஓமானி நண்பர் வீட்டுக்குப் போனபோது, தரையில் விரிப்பில் உட்காரவைத்து, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தி, ஏலக்காய் மணக்கும் கஹ்வாவை, அதாவது அரபிக் காபியை, கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினார். குடித்தேன். மறுபடி ஊற்றினார், அப்புறம் மறுபடியும். 'போதும்' என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவருடைய சின்ன மகன்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான், அங்கே போதும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அன்று ராத்திரியே எழுத்துப் பழக ஆரம்பித்தேன். மொத்தம் 28 எழுத்துதான், வலமிருந்து இடம். இரண்டே மாதத்தில் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்த சந்தோஷம் இன்னும் மனசில் இருக்கிறது.

வெட்டவெளியில் வேலை என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம், இதை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். வார விடுமுறை வெள்ளி, சனி. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், வெள்ளிக்கிழமை கொஞ்சம் தாமதமாகவே கூப்பிடுங்கள், பிள்ளை தூங்கட்டும்.