மாத்திரையின் பெயரை ஏன் அடித்துவிட்டேன்?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். என் அக்காவின் மகனுக்கு ஏழு வயது. போன வருஷம் கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, டுஷேன் என்கிற தசைச் சிதைவு நோய் என்று சொன்னார்கள். ஸ்டீரொய்ட் மாத்திரை தொடங்கினார்கள். இதயத்துக்குப் பாதுகாப்பு என்று இரத்த அழுத்த மாத்திரை ஒன்றையும் டொக்டர் எழுதிக் கொடுத்தார் (பெயர்: ------). அதைக் குடிக்கத் தொடங்கி நாலைந்து மாசத்தில் பிள்ளை தேறிவிட்டான். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற 43 படி. முன்பு நாலு தடவை உட்காருவான், இப்போது ஒரு தடவைதான் நிற்கிறான். பதினொரு மாசமாக சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த மாத்திரை தசை நோய்க்கும் வேலை செய்கிறது என்று நான் பேட்டன்ட் எடுக்கலாமா? பழைய மருந்துக்குக் கிடைக்காது என்கிறான் கூட்டாளி. ஃபேஸ்புக்கில் போட்டு வைத்தால் என் பெயரில் பதிவாகும் என்றும் சொல்கிறான். டொக்டரிடம் சொன்னால் அவர் தன் பெயரில் எடுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.
ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இருந்த மாத்திரையின் பெயரைப் பேனாவால் அடித்தது நான்தான். டைப் செய்யும் பிள்ளையின் கைக்குப் போவதற்கு முன்பே அடித்துவிட்டேன். அந்தப் பெயரும் நோயின் பெயரும் இந்தப் பக்கத்தில் ஒன்றாக அச்சாகியிருந்தால், அது அன்றோடு ஊரறிந்த சங்கதி. ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், கேட்கிற விஷயம் விண்ணப்பம் போடுகிற நாளில் புதிதாக இருக்க வேண்டும். அதை வெளியே விட்டது நீங்களே என்றாலும் பல நாடுகளில் விட்டது விட்டதுதான். நம் நாட்டிலும் அமெரிக்காவிலும், நீங்களே வெளியிட்ட பிறகு விண்ணப்பம் போட ஒரு வருஷத் தவணை உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஃபேஸ்புக்கில் போட்டால் உங்கள் பெயரில் எதுவும் பதிவாகாது, கையில் இருப்பதும் போய்விடலாம்.

கொழும்பில் 22 வருஷம் இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு நாள் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வெல்டர் வந்தார். கொழுந்துக் கூடையின் பாரம் நெற்றியில் இறங்காமல் இடுப்பில் தாங்கும்படி ஒரு சட்டகம் செய்திருந்தார். என் அம்மா கூடை தூக்கியவர், அதனால் அதைக் கையில் வாங்கியதுமே அதன் அருமை எனக்குத் தெரிந்தது. தன் கண்டுபிடிப்புக்குச் சாட்சியாக, மூன்று வருஷத்துக்கு முன் கண்காட்சியில் படத்தோடு வந்த பத்திரிகைத் துண்டை மேசையில் விரித்தார். அந்தத் துண்டுதான் அவருக்கு எதிரான சாட்சி என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் பேனாவைத் தேடியது அதனால்தான்.

கூட்டாளி சொன்னதில் பாதி சரி. மாத்திரை பழையது, அதற்கு இனி யாரும் உரிமை கேட்க முடியாது. அதன் புதிய பயன்பாட்டுக்குக் கேட்கலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், மனித உடலுக்குச் செய்யும் சிகிச்சை முறைகளை 62ஆம் பிரிவிலேயே ஆக்கவுரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. 'இந்த நோய்க்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாம்' என்பது ஒரு சிகிச்சை முறை. ஆனால் சிகிச்சையில் பயன்படும் பொருளுக்குக் கதவு திறந்திருக்கிறது. அதே மருந்தைப் பிள்ளைகள் விழுங்கக்கூடிய புதிய பாணி மருந்தாகவோ (சிரப்), இன்னொரு மருந்தோடு சேர்த்துப் புதிய கலவையாகவோ ஒருவர் உருவாக்கினால், அது புதுமையும் புத்தாக்கமும் உள்ளதாக இருந்தால், கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் ஆக்கவுரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு, அதாவது 3(d), தெரிந்த பொருளின் வெறும் புதிய பயன்பாட்டைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கையின்படி, 'இன்ன நோய்க்குப் பயன்படுத்துவதற்கான இன்ன மருந்து' என்று நேரடியாகவே கேட்கலாம். அமெரிக்காவில் சிகிச்சை முறைக்கே கேட்கலாம். எங்கே கிடைத்தாலும் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்.

ஆகவே வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்குள் போக உங்கள் கொப்பி போதுமா என்பதுதான் எனக்குக் கவலை. வருத்தப்படாமல் கேளுங்கள். டுஷேன் உள்ள சிறுவர்களுக்கு ஏழு வயது வரை, வளர்ச்சியின் வேகத்தில் நடை கொஞ்சம் தேறுவதும் உண்டு. அதோடு ஸ்டீரொய்டும் அதே காலத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அந்த 43 படியை ஏற்றியது எது? மூன்றில் எது என்று உங்கள் கொப்பியால் சொல்ல முடியாது. பிரிகாபலின் என்ற மருந்தை நரம்பு வலிக்குப் பயன்படுத்துவது பற்றிய வழக்கில், பிரித்தானிய உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) 2018இல் இதைத்தான் கேட்டது: வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறீர்களே, நம்புவதற்கு விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது? உலகின் பெரிய மருந்துக் கொம்பனிகளில் ஒன்றின் கோரிக்கைகளே அந்த இடத்தில் விழுந்தன.

விண்ணப்பத்தைப் பார்க்கும் பரிசோதகர் இன்னொன்றையும் உங்கள் முன் வைப்பார். லொசார்ட்டன் என்ற இரத்த அழுத்த மருந்து, தசை நோயுள்ள எலிகளில் தசை மீண்டும் வளர உதவியது என்று 2007இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. உங்கள் மாத்திரை வேறாக இருக்கலாம். ஆனாலும், 'இந்த வழியில் தேடிப் பார்க்கலாம் என்று துறை தெரிந்தவருக்குத் தோன்றியிருக்காதா?' என்ற கேள்வி வரும். எலியில் பலித்தது பிள்ளையில் பலிக்கும் என்றும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்தான தமொக்ஸிஃபென், டுஷேன் எலிகளில் 2013இல் நல்ல நம்பிக்கை கொடுத்தது. சிறுவர்களிடம் செய்த பரிசோதனையின் முடிவு 2023இல் வந்தபோது, அதன் பலன் நிரூபணமாகவில்லை. எத்தனை தாய்மார் அந்த முடிவுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

உரிமை என்றதும் எனக்கு டெஃப்லசகோர்ட் நினைவுக்கு வருகிறது. பல நாடுகளில் பல வருஷமாக விற்ற பழைய ஸ்டீரொய்ட் அது. அமெரிக்கக் குடும்பங்கள் டுஷேன் பிள்ளைகளுக்காக அதை வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் டொலருக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். 2017 பெப்ரவரியில் ஒரு கொம்பனி அங்கே அதற்கு அங்கீகாரம் வாங்கி, வருஷத்துக்கு 89,000 டொலர் என்று விலை சொன்னது. அங்கே பூட்டுப் போட்டது ஆக்கவுரிமை அல்ல. அரிய நோய் மருந்துக்கு அமெரிக்கச் சட்டம் தரும் ஏழு வருஷத் தனிவிற்பனை உரிமைதான் அது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்த உரிமையும் கிடைக்காத மலிவு மாத்திரைக்குப் பெரும் பணம் செலவழித்துப் பரிசோதனை நடத்த எந்தக் கொம்பனியும் வராது. பரிசோதனை இல்லாவிட்டால் எந்த டொக்டரும் நம்பி எழுதிக் கொடுக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் அக்கா மகன் போன்ற பிள்ளைகள். என்னைக் கேட்டால், பல்கலைக்கழகமும் அரசாங்கப் பணமும் இறங்க வேண்டிய இடம் இதுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

டொக்டரைப் பற்றிய பயத்தை விடுங்கள். டொக்டரிடம் தனியாக, இரகசியமாக வைத்திருங்கள் என்று கேட்டுச் சொல்வது வெளியீடு ஆகாது. அவர் அதை மாநாட்டில் பேசினால், கட்டுரையாக எழுதினால் அது வெளியீடு. அதனால் பேசத் தொடங்கும்போதே, 'சேர், இதை எங்கேயும் எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேளுங்கள். மருந்தை எழுதிக் கொடுத்தவர் அவர், பலனைக் கவனித்தவர் நீங்கள். நாளைக்கு இது பெரிதாக வளர்ந்தால் இரண்டு பெயரும் சேர்ந்து போவதில் குறை ஒன்றுமில்லை. அவருடைய துணை இல்லாமல் ஒழுங்கான பரிசோதனை எதுவும் நடக்கப்போவதுமில்லை.

பாமசியில் வேலை செய்கிறீர்கள், மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நல்லது நடக்கிறது என்று அளவை ஒருபோதும் கூட்டாதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இனிக் கொப்பியில் படிக்கணக்கோடு நேரத்தையும் எழுதுங்கள். தரையில் படுத்திருந்து எழும்ப எத்தனை செக்கன், முழங்காலில் கையை ஊன்றினானா, அன்று காய்ச்சல் இருந்ததா, ஸ்டீரொய்ட் அளவு மாறியதா, எல்லாம் திகதியோடு வேண்டும். அடுத்த கிளினிக்குக்குக் கண்டிக்கு பஸ் ஏறும்போது போட்டோக் கொப்பி ஒன்றை எடுத்துப் போய் டொக்டரிடம் கொடுங்கள். மூலக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.