கணினிக் கேள்வி பதில்: கோப்பின் பாதையும் முகவரியும்

கேள்வி: செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை. செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கோப்புகளை ஒரே பக்கத்தில் சுட்டிகளாகக் காட்ட, பைத்தானில் சிறு நிரல் எழுதியிருக்கிறேன். சி:\செக்ரோல்\மார்ச் 2025\டிவிஷன் 3 #2.பிடிஎஃப் என்ற பாதையில் பின்சாய்கோடுகளை முன்சாய்கோடுகளாக்கி, முன்னால் 'ஃபைல்://' ஒட்டினேன். பெயர்கள் யாவும் ஆங்கில எழுத்தில்தான். சில கோப்புகள் திறக்கின்றன, சில 'இல்லை' என்று வருகின்றன. ஏன்?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: திறக்காதவற்றைப் பாருங்கள், பெயரில் # இருக்கும். முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னுள்ளது பக்கத்தின் உட்பகுதியைக் குறிக்கும். எனவே பிரவுசர் 'டிவிஷன் 3' என்பதோடு நின்று, அப்படியொரு கோப்பைத் தேடுகிறது. ? குறியும் இப்படித்தான் வெட்டும். ஆனால் விண்டோஸ் அதைப் பெயரில் விடாது என்பதால் உங்களுக்குக் கவலையில்லை.

இரண்டு கோடு போட்டதும் பிழைதான். // என்பதை அடுத்து வர வேண்டியது கணினியின் பெயர். சொந்தக் கணினி என்றால் அந்த இடம் காலி. உடனே பாதையின் / வருவதால் மூன்று கோடு. இரண்டோடு விட்டால் 'சி:' கணினிப் பெயராகிவிடும். பிரவுசர் அதைச் சரிசெய்து கொள்கிறது, உங்கள் நிரலில் முகவரியைப் பிரித்துத் தரும் யூஆர்எல்பார்ஸ் அப்படிச் செய்யாது. முகவரியில் இடைவெளியை %20 என்றும் # குறியை %23 என்றும் எழுத வேண்டும். சரியான வடிவம்:

ஃபைல்:///சி:/செக்ரோல்/மார்ச்%202025/டிவிஷன்%203%20%232.பிடிஎஃப்

பொதுச் சர்வரில் உள்ள \\ஆபிஸ்\செக்ரோல் என்ற பாதைக்கு மட்டும் இரண்டு கோடு போதும்: ஃபைல்://ஆபிஸ்/செக்ரோல். அங்கே கணினிப் பெயர் உண்டல்லவா?

இதையெல்லாம் ரிப்ளேஸ் போட்டுக் கையால் மாற்றாதீர்கள். இடைவெளியை %20 ஆக்கிவிட்டு அப்புறம் % குறியை %25 ஆக்கினால் %2520 வந்து நிற்கும். முகவரியில் %25 தென்பட்டால், கோப்பின் பெயரிலேயே % இருந்தாலொழிய, இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். பைத்தானோடு வரும் பாத்லிப்பில் பாத் பொருளுக்கு முதலில் ரிசால்வ் (முழுப் பாதையாக்கும்), பிறகு ஆஸ்_யூஆர்ஐ (முகவரியாக்கும்). ரிசால்வ் இல்லாமல் அரைகுறைப் பாதையைக் கொடுத்தால் வேல்யூஎரர் என்ற பிழை வரும். முகவரியிலிருந்து பாதைக்குத் திரும்ப, பைத்தான் 3.13 முதல் ஃப்ரம்_யூஆர்ஐ இருக்கிறது. பழைய பதிப்பென்றால் யூஆர்எல்பார்ஸ் தரும் பாத் பகுதியை, அதைப் பாதையாக மாற்றும் யூஆர்எல்2பாத்நேம் கையில் கொடுங்கள். அந்தப் பகுதியை நேரே ஓப்பனுக்குக் கொடுத்தால் /சி:/ என்ற முன்கோடும் %20-உம் அப்படியே போய்க் கோப்பு கிடைக்காது.

இன்னொன்று. ஆங்கிலச் சின்ன எழுத்தில் சி:\தாப்பா என்று ஃபோல்டர் வைத்தால், பின்சாய்கோட்டையும் அடுத்த எழுத்தையும் சேர்த்து பைத்தான் டேப் இடைவெளியாகப் படித்துவிடும். மேற்கோளுக்கு முன் 'ஆர்' எழுத்தைப் போடுங்கள்.

கேள்வி: தொழிலாளியின் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயரிலேயே சம்பளச் சீட்டைச் சேமிக்கிறேன். பாதிப் பேருக்குமேல் பிழை வருகிறது. / குறியை %2எஃப் ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' நடுவிலுள்ள கோட்டை விண்டோஸ் ஃபோல்டர் பிரிப்பாக எடுத்துக்கொண்டு, 'ஏ' என்று முடியும் ஃபோல்டரைத் தேடுகிறது. முகவரியில் அதை மறைத்து எழுதினாலும் பாதையாகத் திரும்பும்போது மறுபடி கோடாகும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸின் ஃபைல்யூஆர்எல்டுபாத் அப்படிப்பட்ட முகவரியை ஏற்காமலே பிழை காட்டும். செக்ரோல் எண்ணைக் கோப்பின் பெயராக்கி, ஆளின் பெயரைப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கும் டிவிஷனில் அந்தக் குழப்பமும் தீரும்.

கேள்வி: என் கணினியில் வேலை செய்த பக்கத்தை அலுவலக வெப் சர்வரில் ஏற்றியதும் சுட்டிகளைத் தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லையே?

பதில்: சர்வரிலிருந்து வரும் பக்கம் உங்கள் வட்டிலுள்ள கோப்பைத் திறக்க குரோம் முதலான பிரவுசர்கள் விடுவதில்லை. பாதுகாப்புக்காக வைத்த தடை அது. கோப்புகளையும் சர்வரிலேயே வைத்து எச்டிடிபி முகவரி கொடுங்கள்.

கேள்வி: கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. முகவரிதான் நீளும். 'சம்பளம்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் தனிக்குறி என்பதால் 7 குறி, அதைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், முகவரியில் பைட்டுக்கு 3 எழுத்து: மொத்தம் 63. பார்த்துப் பயப்பட வேண்டாம், விண்டோஸின் வழக்கமான 260 எழுத்து வரம்பு பாதைக்குத்தான்.

சிக்கல் வருவது கொம்பு எழுத்துகளில். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டில் வேறு. பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுள்ள மாக் கணினி பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த 'கொழுந்து' கோப்பைத் தேடும்போது நிரல் இல்லை என்று சொன்னால், பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ் கொண்டு இரு பெயர்களையும் என்எஃப்சி (சேர்த்தெழுதும்) வடிவாக்கி ஒப்பிடுங்கள். திறக்கும்போது மட்டும் வட்டில் உள்ள பெயரை அப்படியே கொடுக்க வேண்டும்.